நீந்தாத நீச்சலுக்கு ஒரு கையெழுத்து

பிப்ரவரி 3, திங்கள்

உணவுக்கூடத்து வாஃபிள் இயந்திரம் மறுபடி கெட்டுப்போனது. எட்டரைக்குக் கெட்டது. எட்டே முக்காலுக்குள் வேதியியல் கட்டடம் வரை செய்தி போய்விட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் படிக்கிற கல்லூரியில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள், யார் தலைக்குச் சாயம் பூசினார்கள், கல்லூரித் தலைவரின் நாய்க்கு ஏன் வயிறு சரியில்லை, எல்லாம் மதியத்துக்குள் பொதுச்சொத்து.

என்னுடையது ஒன்றே ஒன்றுதான் நாலு வருடமாக வெளியே வரவில்லை. இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. இன்றும் எழுதப்போவதில்லை.

நல்ல செய்தி: நெப்ராஸ்காவிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் மாவட்ட மண்வள அலுவலகத்தில் எனக்கு வேலை! ஜூன் 2-ல் சேரவேண்டும், பட்டச் சான்றிதழோடு. அறைத்தோழி லவீனியா கட்டில்மேல் ஏறிக் குதித்தாள். "மண்ணைத் தோண்டறதுக்குச் சம்பளமாடி? எங்க கிளீவ்லண்டுல அதுக்கு ஜெயில்ல போடுவாங்க!"

பிப்ரவரி 6, வியாழன்

இன்று நேர்மைக் குழு கூடியது. ஐந்து மாணவர்கள், நான் தலைவி. இங்கே தேர்வு அறையில் கண்காணிப்பு கிடையாது. வினாத்தாளை எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போய் எழுதலாம். அடியில் "உதவி பெறவில்லை, தரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நூலக மேசையில் பர்ஸை வைத்துவிட்டுச் சாப்பிடப் போவோம். அப்படிப் போய் வருவதற்காகத்தான் இந்தக் குழு. யாராவது கையெழுத்தில் பொய் சொன்னால் நாங்களே விசாரிக்கிறோம்.

இன்றைக்கு வந்தவள் டெஸ்ஸா. முதல் வருடம், நீச்சல் அணி. எல்லோரும் வாரம் ஆறு மணி நேரம் கல்லூரிக்கு உழைக்கவேண்டும், நேரத்தை அவரவரே தாளில் எழுதவேண்டும் என்பது விதி. இவள் போன மாதம் ஒரு சனிக்கிழமை நாலு மணி நேரம் பாத்திரம் கழுவியதாக எழுதியிருக்கிறாள். அன்று முழுக்கத் தூங்கியிருக்கிறாள். தனியாகக் கழுவிக் கை வெந்துபோனவன் புகார் கொடுத்துவிட்டான்.

"ஏன் எழுதின?" என்று கேட்டேன்.

"எழுதும்போது பொய்னு தோணல. அடுத்த வாரம் சேர்த்துக் கழுவிடலாம்னு நினைச்சேன். அடுத்த வாரம் வந்துச்சு. போயிருச்சு. அப்புறம் மறந்துட்டேன்."

எங்கள் குழுவில் கான்ராட் இருக்கிறான். பல் தேய்க்கும்போதுகூட டை கட்டியிருப்பான் என்று எனக்குச் சந்தேகம். அவன் கேட்டான்: "மறந்துட்டுப் போறதுக்கு அது என்ன குடையா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீர்ப்பை நான்தான் வாசிக்கவேண்டும். தலைவலி என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தேன். தலைவலி இல்லை. பார், அதுவும் பொய்.

பிப்ரவரி 7, வெள்ளி

சரி. எழுதிவிடுகிறேன்.

இந்தக் கல்லூரியில் பட்டம் வாங்க நாலு தடவை நீந்தவேண்டும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இருபத்தைந்து கஜம், அப்படி நாலு. ஏன் என்று யாருக்கும் தெரியாது. யாரோ பணக்காரர் குளம் கட்டக் காசு கொடுத்தபோது போட்ட நிபந்தனை என்பார்கள். முதல் வருடம், முதல் வாரம், எங்களை வரிசையாகக் குளத்தில் இறக்கினார்கள். நான் வரிசையின் கடைசியில் நடுங்கிக்கொண்டு நின்றேன். எங்கள் பண்ணையில் மாட்டுத் தொட்டியைவிட ஆழமான தண்ணீர் கிடையாது.

பாதியில் வெளியே இடி இடித்தது. இடி இடித்தால் குளத்தை மூடிவிடுவது வழக்கம். கோச் பாபின் விசில் ஊதினார். "எல்லாரும் வெளியே! முடிச்சவங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க!" ஈரத் தாள் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எல்லோரும் போட்டார்கள். நானும் போட்டேன், தண்ணீரில் கால்கூட வைக்காமல்.

அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை. ஆவணத்தில் நான் தேறியவள். வாயைத் திறக்காமல் இருந்தால் மே மாதம் பட்டம், ஜூன் மாதம் வேலை.

ஆனால் நாலு மணி நேரப் பாத்திரத்துக்காக அந்தப் பெண்ணுக்குத் தீர்ப்பு வாசிக்கப்போகிறவள் நான். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, மாட்டைப் பிடித்துக் கட்டச் சொல்கிறது. வெட்கமா இருக்கு. ரொம்ப வெட்கமா இருக்கு.

பிப்ரவரி 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

"இந்தத் தீர்ப்பை நான் வாசிக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன். முடிக்கும்போது கான்ராடின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இவ்வளவு அதிர்ச்சியா என்று எனக்கே பாவமாக இருந்தது. டெஸ்ஸா மட்டும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நிற்கச் சொன்னார்கள். டெஸ்ஸாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். "நாலு வருஷமா?" என்றாள். ஆமாம் என்றேன். "அம்மாடி. நான் நாலு மணி நேரத்துக்கே, புகார் வந்ததுலேருந்து சரியாச் சாப்பிடல."

உள்ளே கூப்பிட்டு வாசித்தார்கள். என் தலைவி பதவி போயிற்று. ஏப்ரல் 26-க்குள் நீந்தித் தேறவேண்டும், இல்லையென்றால் பட்டம் கிடையாது. டெஸ்ஸாவுக்கு இந்தப் பருவம் அணியில் இடமில்லை, அதோடு இருபது மணி நேர வேலை. என்ன வேலை?

எனக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது.

யோசனை கான்ராடுடையது. அவனுக்கும் நகைச்சுவை உண்டு என்று இன்றுதான் தெரிந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

காலை உணவுக்கு முன்னாலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு நடந்தபோது கூடமே முள்கரண்டியைக் கீழே வைத்தது. பரிமாறுகிற அம்மா மட்டும் வழக்கம்போல, "ஒரு முட்டையா, ரெண்டா கண்ணு?" என்றாள். ரெண்டு என்றேன். அழுகை வந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

முதல் பாடம். மார்பளவு தண்ணீரில் நின்றேன். முகத்தை உள்ளே வை என்றாள் டெஸ்ஸா. வைக்கவில்லை. வை என்றாள். வைக்கமாட்டேன் என்றேன்.

"ஏய், தலைவி. என்னை விசாரிக்கும்போது என் கண்ணை நேரா பார்த்தியே, அந்த தைரியம் எங்க?"

வைத்தேன். மூக்கு வழியாக அரைக் குளத்தைக் குடித்தேன்.

முடிந்ததும் சுவரில் மாட்டியிருந்த தாளில் நேரத்தை எழுதினாள். ஒரு மணி நேரம் இருந்தோம், நாற்பத்திரண்டு நிமிடம் என்று எழுதினாள். ஏன் என்று கேட்டேன். "நீ ஏணியைப் பிடிச்சுட்டு அழுத பதினெட்டு நிமிஷத்தைக் கழிச்சுட்டேன். அது நான் கத்துக்கொடுத்தது இல்ல."

பிப்ரவரி 14, வெள்ளி

பாடம் இரண்டு, மூன்று. முன்னேற்றம்: காதில் தண்ணீர்.

பிப்ரவரி 24, திங்கள்

மிதந்தேன்!!

மல்லாந்து, கையை விரித்து, எண்ணி ஏழு நொடி. கூரையில் ஒரு விளக்கு எரியவில்லை என்பதைக்கூடக் கவனித்தேன். கவனிக்கிற அளவுக்கு அமைதி! எட்டாவது நொடியில் ‘ஐயோ, மிதக்கிறேன்’ என்று நினைத்தேன், மூழ்கினேன்.

டெஸ்ஸா சொன்னாள்: "நினைக்கறதுதான் உன் வியாதி." அறைக்கு வந்து லவீனியாவின் கட்டில்மேல் ஏறிக் குதித்தேன். இது என் முறை.

மார்ச் 5, புதன்

பலகையைப் பிடித்துக்கொண்டு கால் அடித்தேன். எங்கள் ஊர் டிராக்டர் இதைவிடச் சத்தம் குறைவு என்று எழுதிவைக்கிறேன். பக்கத்துத் தடத்தில் நீந்திக்கொண்டிருந்த தத்துவப் பேராசிரியர் நின்று, கண்ணாடியைக் கழற்றி, "ட்ரூடி, தண்ணி உன் எதிரி இல்ல" என்றார். அவருக்கு என்ன தெரியும்! நீச்சல் பற்றி வாயே திறக்காத பேராசிரியர் இந்த ஊரில் யாரும் பாக்கி இல்லை. என் ஆய்வுக் கட்டுரைக்கு வழிகாட்டுகிறவர் நேற்று புல்வேர்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார், மூச்சு விடுவது பற்றி இருபது நிமிடம்.

மார்ச் 20, வியாழன்

கரையிலிருந்து கரைக்கு ஒரு முழுத் தடவை, பலகை இல்லாமல். கோச் பாபின் தன் அறையிலிருந்து எட்டிப்பார்த்து மணியை அடித்தார். அணிக்காரர்கள் சாதனை முறியடித்தால் மட்டும் அடிக்கிற மணி. டெஸ்ஸா என்னைத் தண்ணீரிலேயே கட்டிப்பிடித்தாள், இரண்டு பேரும் மூழ்கினோம்.

அம்மா தொலைபேசினாள். பட்டமளிப்புக்கு மோட்டலில் அறை போட்டாயிற்றாம். பதினான்கு மணி நேரம் கார் ஓட்டி வருவார்கள். "வேற என்னடி விசேஷம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். பட்டமே சந்தேகம் என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 10, வியாழன்

தாளில் இருபது மணி நேரம் நிறைந்துவிட்டது. டெஸ்ஸா கடைசிப் பெட்டியில் நிமிடம் தவறாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் இரண்டு தடவை நீந்துவேன். மூன்றாவதில் நெஞ்சு அடைக்கும்.

"சரி, உன் கடன் தீர்ந்தது. ரொம்ப நன்றி" என்றேன்.

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். கதவருகே திரும்பினாள். "நாளைக்கு ஏழு மணிக்கு வா. லேட்டா வந்தா ஏணியைக் கழட்டிடுவேன்."

ஏப்ரல் 15, செவ்வாய்

மூன்று தடவை. ஆனால் திரும்பும்போது ஆழமான பக்கத்தில் கால் தரையைத் தேடியது. தரை இல்லை. அவ்வளவுதான், கை கால் எல்லாம் எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று. டெஸ்ஸா குதித்து அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தாள். கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

போதும். என்னால முடியாது. பதினொரு நாள்தான் இருக்கு. முடியாது.

ஏப்ரல் 16, புதன்

காலையில் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். மிஸஸ் ஹூலிஹன் என் முகத்தைப் பார்த்ததுமே இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "அடி பைத்தியமே, இதுக்குப் போய் யாராவது சாவாங்களா? நர்ஸ்கிட்ட கொண்டு போ. தண்ணின்னா பயம், நீந்த முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா விதியே உன்னை விட்டுடும். வருஷத்துக்கு ரெண்டு பேருக்குக் கொடுக்கறேன்."

இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது! நாலு வருடம் முன்னாலேயே நேராகப் போய்க் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்பதற்குக் கூச்சம். பொய்க்குக் கூச்சமில்லை. என்ன பிறவியோ நான்.

நர்ஸ் அறையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். "இதன்மூலம் நான் நீந்த இயலாதவள் என உறுதி கூறுகிறேன்." அடியில் கோடு. பேனாவை வைத்தேன். எடுத்தேன். வைத்தேன்.

"என்னம்மா, பயம் இருக்கில்ல?" என்றாள் நர்ஸ்.

"இருக்கு. ஆனா..."

"ஆனா?"

"நேத்து மூணு தடவை நீந்தினேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். இரண்டு மாதம் முன்னால் இது உண்மை. இப்போது பொய்! என்னால் போட முடியவில்லை. நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்தவே முடியவில்லை. நர்ஸ் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே குளத்துக்குப் போனேன். டெஸ்ஸா நேரத்தைப் பார்த்தாள். "லேட்டு" என்றாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆழமான பக்கத்திலேயே நாலு நாளாகக் குடியிருக்கிறேன். தரையைத் தேடாதே என்பதுதான் பாடம். மூன்றரை.

ஏப்ரல் 25, வெள்ளி

ஆய்வுக் கட்டுரையைச் சமர்ப்பித்தேன். நூற்றுப் பதினொரு பக்கம் புல்வேர். நாளை பதினொரு மணிக்குத் தேர்வு. நாலு தடவை இதுவரை ஒருமுறைகூட முடித்ததில்லை.

மதியம் பதிவாளர் அலுவலக வாசலில் வரிசை நின்றது. கட்டணப் பிரச்சினை போலிருக்கிறது. கான்ராடும் நின்றான். கையசைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஏப்ரல் 26, சனி

வரிசையாக எழுதவேண்டும்.

குளத்துப் படிக்கட்டு நிறைய ஆட்கள். வேடிக்கை பார்க்க வரவேண்டாம் என்று லவீனியாவிடம் கெஞ்சியிருந்தேன். அவள் வந்தது மட்டுமில்லாமல் பேண்டு குழுவிலிருந்து டிரம்மையும் கொண்டுவந்திருந்தாள். பரிமாறுகிற அம்மாகூட ஏப்ரனோடு நின்றாள்.

உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தேன். குளத்தின் ஓரத்தில் எட்டுப் பேர் நீச்சல் உடையில் நின்றார்கள். எல்லோரும் என் வகுப்பு. எல்லோரும் நாலாம் வருடம். கோடியில், நீலக் கால்சட்டையில், டை இல்லாமல் — கான்ராட்!

"நீ இங்க என்ன பண்ற?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னைக்கு இடி இடிக்கும்போது நான் ரெண்டு தடவை முடிச்சிருந்தேன். பாதி முடிஞ்சுதேன்னு நாலுக்கும் கையெழுத்துப் போட்டுட்டேன். நீ வந்து சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நேத்துதான் போய்ச் சொன்னேன். போனா அங்க வரிசை."

எட்டுப் பேர்! ஒவ்வொருத்தரும் தான் ஒருத்தர்தான் திருடன் என்று நாலு வருடம் தனித்தனியாகப் புழுங்கியிருக்கிறோம். இரகசியமே இல்லாத ஊரில் ஒன்பது பேர் ஒரே இரகசியத்தை வைத்துக்கொண்டு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம்.

கோச் பாபின் இடுப்பில் கைவைத்து எங்களைப் பார்த்தார். "முடிக்காதவங்க வியாழக்கிழமை வாங்கன்னு அன்னைக்குப் பலகையில எழுதிப் போட்டேன். வியாழக்கிழமை ஒரு மணி நேரம் ஒத்தையா உக்காந்திருந்தேன். ஒரு ஈ காக்கா வரல. ஆஹா, இந்த வருஷம் எல்லாம் மீன் குஞ்சுங்கன்னு பெருமைப்பட்டேன்டா!"

படிக்கட்டே உருண்டு சிரித்தது. எனக்குப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

விசில். குதித்தேன். முதல் தடவை எப்படிப் போனது என்று நினைவில்லை. இரண்டாவதில் டிரம் கேட்டது. மூன்றாவதில் ஆழமான பக்கம் வந்தது, கால் கீழே இறங்கப் பார்த்தது. டெஸ்ஸா கரையில் என்னோடு சேர்ந்து நடந்துகொண்டே கத்தினாள்: "தேடாத! அங்க ஒண்ணும் இல்ல! தேடாத!" தேடவில்லை. சுவரைத் தொட்டுத் திரும்பினேன். நாலாவது தடவை தொடங்கியபோது நெஞ்சு எரிந்தது, கை மரக்கட்டையாகிவிட்டது, ஆனாலும் எனக்குள் ஒரு திமிர். இதுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், நான் போட்ட கையெழுத்து இது, விடமாட்டேன்.

பாதியில் பக்கத்துத் தடத்தில் ஏதோ இருமியது. கான்ராட், தண்ணீரைக் குடித்துவிட்டு மிதந்துகொண்டிருந்தான். அவனைத் தாண்டிப் போனேன்! நான்! ஒருத்தரைத் தாண்டி!

சுவர்.

ஆறு நிமிடம் பன்னிரண்டு நொடி. ஒன்பது பேரில் எட்டாவது. மணி ஒன்பது முறை அடித்தது. டெஸ்ஸா உடுத்திய உடையோடு குதித்தாள். "உன்னை மாதிரி அசிங்கமா நீந்தற ஒருத்தியை நான் பார்த்ததே இல்ல!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கோச் தாளை நீட்டினார். கை ஈரம், மை பரவியது. பரவட்டும். போட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

எட்டுப் பேரையும் குழு மன்னித்தது, கண்டிப்போடு. கான்ராட் தானாகவே விலகினான். அடுத்த வருடக் குழுவுக்குத் தேர்தல் அறிவித்தார்கள். டெஸ்ஸா பெயர் கொடுத்திருக்கிறாள். பொறுக்கமாட்டாமல் கேட்டேன், உனக்கு ஓட்டுப் போடுவார்களா என்று. சாயங்காலம் ஓட்டுக் கேட்க மேடையேறியபோது அதற்குப் பதில் சொன்னாள்: "நான் பொய் எழுதினவ. உங்க எல்லாருக்கும் தெரியும். பொய் எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஒரு ஆளாவது அந்த ரூம்ல இருக்கணும்."

மே 2, வெள்ளி

டெஸ்ஸா 341. அடுத்தவன் 158.

மே 10, சனி

பட்டமளிப்பு பத்து மணிக்கு. ஏழு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. அறை பெட்டிகளால் நிறைந்திருந்தது, லவீனியா குறட்டை. சும்மா குளத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் எண்ணவில்லை. எட்டு தடவை.

ஓடிவந்து கவுனை மாட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போனால் அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். அம்மா என் தொப்பியைச் சரிசெய்யப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னடி, தலையெல்லாம் சொட்டச் சொட்ட இருக்கு?"

"நீந்திட்டு வர்றேம்மா."

அப்பா சிரித்தார். எங்கள் வீட்டில் நீந்துகிற ஆளே கிடையாது. அம்மா சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்நூறு பேர் நடுவில், தன் புதுச் சால்வையைக் கழற்றி என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.